இமைக்காத சாலம்மாள்

"கையக் குவிச்சிப் புடி, சிந்தாத!"

ஏரியூர்ப் பக்கம் ஏரி தூர்வாரும் சனங்களுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சாலம்மாள் இப்படித்தான் அதட்டுவார். இடுப்புக் குடத்தை இறக்கவே மாட்டார். கை கழுவ யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "மழ பேஞ்சு ஏரி ரொம்பட்டும், அதுல கழுவிக்க."

வயது அறுபத்தெட்டு. நூறு நாள் வேலையில் வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்ற இலகுவான வேலை தரவேண்டும் என்பது விதி. போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ஆனால் இலகுவான வேலை என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது. "இந்தக் கொடத்தத் தூக்கிகிட்டு கரையேறிப் பாரு சாமி, அப்பறம் சொல்லு" என்று ஊராட்சிச் செயலாளரான என்னையே விரட்டினார். ஓசூரில் இருக்கும் மகன் கூப்பிட்டும் போகவில்லை. "வெத்தலைக்கு மருமவகிட்ட கை நீட்டச் சொல்றியா?"

அந்த வேலைக்குத்தான் அன்று ஆபத்து வந்தது. வயதானவர்களை வைத்துக்கொள்ளச் சொன்ன அதே அரசாங்கம், போனில் முகம் பதிவானால்தான் வேலை என்றும் சொல்லிவிட்டது. அந்தப் பதிவுக்கு அன்றுதான் கடைசி நாள். பணித்தளப் பொறுப்பாளர் காவியா போனை நீட்டி, "கண்ண சிமிட்டுங்க ஆயா" என்றாள். எதிரில் நிற்பது உயிருள்ள ஆள்தானா என்று போன் அப்படித்தான் சோதிக்குமாம்.

சாலம்மாள் விறைத்து நின்றார். கல்யாணப் படம் முதல் ரேஷன் கார்டு வரை, எடுத்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடாதே என்றே சொல்லியிருக்கிறார்கள். "கண்ணு மூடியிருந்தா செத்தவங்க போட்டோ, கண்ணு. ஆவாது."

போனில் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. காவியா கெஞ்சியதற்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கச் சொன்னால் முறைத்தார். "சாயந்தரத்துக்கு மேல இது எடுக்காதுங்க ஆயா. அப்பறம் வேலையே இல்லீங்க" என்றாள் காவியா. "சிமிட்டுங்கம்மா!" என்று கத்தியே விட்டேன். கோபம் போன் மேலா அவர் மேலா, தெரியவில்லை.

"தெனம் தண்ணி ஊத்தறேன். உசுரோட இருக்கறதுக்கு இன்னும் சாட்சி வேணுமா?" சாலம்மாள் முனகினார். பிறகு காவியாவிடம், "இன்னொருக்கா புடி" என்றார்.

போன் முகத்துக்கு நேரே வந்தது. சாலம்மாள் குடத்தைச் சாய்த்து ஒரு கைத் தண்ணீரை வாங்கி, தன் முகத்தில் தானே பளாரென்று அடித்துக்கொண்டார். இமைகள் படபடத்தன. போனில் பச்சை விழுந்தது.

முகத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. ஒரு சொட்டும் மண்ணில் விழாமல், மோவாய்க்குக் கீழே கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார்.