எட்டுக்கல் பேசரியும் என் மெஷினும்

ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டர் வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது இன்னா, கரண்டுல ஓடற தொடப்பமா?" என்று கேட்டாள். பேட்டரியில் ஓடுவது என்றேன். "கூட்டவாச்சும் கூட்டுமா?" என்றாள். கூட்டாது என்று தெரிந்ததும் அதன் மேல் அவளுக்கிருந்த அக்கறை தீர்ந்துபோனது. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அந்த மெஷினைச் சரியாக எடைபோட்டவள் அவள் ஒருத்திதான்.

திண்டிவனத்தில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு மாரடிப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. வீடியோவில் வெள்ளைக்காரர்கள் கடற்கரை மணலில் இருந்து மோதிரமும் காசுமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ஏரிக்கரையில் எடுத்ததெல்லாம் பீர் பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, புடவை ஊக்கு, காலியான மாத்திரை அட்டை. அதிலும் இந்த மாத்திரை அட்டை இருக்கிறதே, என் பிராணனை வாங்கிவிட்டது. சின்னத் தங்க நகைக்கும் மாத்திரை அட்டைக்கும் மெஷின் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். திரையில் வரும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தங்கம் தங்கம் என்று குழி பறித்து, யாருடைய தலைவலிக்கோ வாங்கிய மாத்திரையின் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

ஆனால் ஊரார் என்னைச் சும்மா விடவில்லை. மெஷின் வைத்திருப்பவன் புதையல் எடுப்பவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோலியனூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் காரோடு வந்து என்னைக் கூட்டிப்போனார். அவர் வீட்டுச் சமையலறைக்கு அடியில் பானை இருப்பதாக யாரோ குறி சொல்லியிருக்கிறார்கள். மெஷின் கத்தியது. போன வருடம்தான் ஒட்டிய டைல்ஸை அவரே கடப்பாரையால் பெயர்த்தார். அடியில் பழைய இரும்புக் குழாய் இருந்தது. அவர் டீ வாங்கப் போன சமயத்தில் நான் பானையை எடுத்து ஒளித்துவிட்டதாகப் பிறகு ஊரெல்லாம் சொன்னார். ஒரு பானையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவன் என்று என்னை நினைத்த அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அவர் என்னைத்தான் திருடன் என்றார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மல்லாட்டை பிடுங்கி முடித்து, கடலையைக் காயப்போட்டிருந்த சமயம் அது. ஒலக்கூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் இருந்து என் வாடிக்கைக்காரன் ஒருவன் கடைக்கு வந்தான். சொந்த நிலம், சொந்த போர்வெல், வருடத்துக்கு ஒரு தடவையாவது காயில் கருக மோட்டாரைச் சுட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவன். அவன் அம்மா சமீபத்தில் இறந்துபோனது எனக்குத் தெரியும்.

"அண்ணா, அந்த மெஷின எடுத்துக்கினு ஒரு நட வாங்கண்ணா. நெலத்துல ஒரு நகை கீது. வூட்ல ஒரே பேஜாரு."

"எந்த எடத்துல வுட்டீங்கன்னு தெரியுமா?"

"எடம்லாம் தெரியும்ண்ணா" என்றான்.

எடம் தெரிந்தவனுக்கு மெஷின் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

போர் கொட்டகையைத் தாண்டியதும் எடம் எனக்கும் தெரிந்துவிட்டது. வேப்பமரத்து நிழலில் புது மண்மேடு. மேலே காய்ந்துபோன மாலை, கவிழ்த்து வைத்த மண் கலயம். கருமாதி முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மேட்டைச் சுற்றிப் பங்காளிகள் சிலர் நின்றார்கள். அவன் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அவன் மனைவி மட்டும் தள்ளி, வெயிலில் நின்றாள்.

சங்கதி இதுதான். செத்துப்போன அம்மாவுக்கு எட்டுக்கல் பேசரி ஒன்று இருந்தது. மூக்கில் போடும் அந்த நகையைக் கல்யாணத்தில் போட்டவள், சாகும்வரை கழற்றவில்லை. மண்ணுக்குப் போகும் உடம்பில் நகை இருக்கக்கூடாது என்பதால் மருமகள்தான் எல்லாவற்றையும் கழற்றினாள். பேசரியின் திருகு மட்டும் சதையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினாள், சோப்பு போட்டுத் திருகினாள். மூக்குச் சதை கிழிய ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள். கடைசி வருடங்களில் படுக்கையோடு கிடந்த அந்த உடம்பைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போட்டது அந்தக் கைகள்தான். அதற்குமேல் அவளுக்கு மனசு வரவில்லை. மகள் வந்து சேரும்போது முகம் பூராவும் மஞ்சள் பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. பேசரி இருந்ததா இல்லையா என்று மகள் பார்க்கவில்லை. கருமாதி அன்றுதான் அவளுக்குப் பேசரி ஞாபகம் வந்தது.

மண்ணோடு போய்விட்டது என்று மருமகள் சொன்னதை அவள் நம்பவில்லை. கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். மருமகள் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். கை வெந்து கொப்புளித்திருந்ததை நானே பார்த்தேன். அதையும் மகள் நம்பவில்லை. சாமியை நம்பாதவள், மாத்திரை அட்டைக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத என் மெஷினை நம்பி என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, இத்தினூண்டு நகைக்கு மெஷினு ஒரு சாண் ஆழம்தான் கேக்கும். மேட்டு மேல வெச்சிப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"நெட்ல ஆறடின்னு போட்டுகீறானே" என்றாள் அக்கா.

"அது அண்டா குண்டான் பொதச்சி வெச்சிருந்தா."

"நீங்க வைங்க. இருந்தா கத்தட்டும். இல்லன்னா இல்ல."

வைத்தேன். தலைமாட்டில் லேசாகக் கத்தியது. எல்லோரும் கிட்ட வந்து குனிந்தார்கள். விரலால் கிளறினேன். மண் போடும்போது யாரோ போட்ட ஒரு ரூபாய்க் காசு. அதற்குப் பிறகு மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு ரூபாய்க்குக் கத்துது, எட்டுக்கல்லுக்குக் கத்தாதா?" என்று கேட்டுவிட்டு அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பங்காளிகள் தலையாட்டினார்கள். நான் ஆழத்தைப் பற்றி மறுபடியும் சொன்னேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"இவ கழட்டசொல்லோ நீ எங்கடா இருந்த?"

"நான் மால வாங்க திண்டிவனம் போயிருந்தேன்க்கா" என்றான்.

மருமகள் தலையைத் தூக்கி அவனை ஒருதரம் பார்த்தாள். அவன் போர் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எம்மாம் ஆழத்துல கேக்கும், சொல்லுங்கண்ணா. அது வரிக்கும் மண்ண எடுக்கறேன். அப்பறம் வைங்க."

ஒரு ஆளாவது தடுப்பான் என்று பார்த்தேன். பங்காளிகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பெற்ற மகள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் போய்விட்டால் அவள் திருடி என்பது அங்கேயே முடிவாகிவிடும். அதனால் நின்றேன்.

கலயத்தையும் மாலையையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தலைமாட்டில் மட்டும் வெட்டினாள். நன்றாக வெட்டத் தெரிந்தவள். கொஞ்சம் எடுப்பாள், நகர்ந்து நிற்பாள், நான் மெஷினை இறக்குவேன். சத்தம் வராது. மறுபடி வெட்டுவாள். முழங்கால் ஆழம் தாண்டியது, தொடை ஆழம் வந்தது. வாடை வந்ததும் பங்காளிகள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. அந்த வாடையோடு பழகியவள்போல் வெட்டிக்கொண்டிருந்தாள். கணவன் உதவிக்கு வரவில்லை.

மண்ணோடு உப்புக்கல் தெரிந்தது. குழியில் படுக்க வைத்ததும் உடம்பின்மேல் கொட்டும் உப்பு. அவள் மண்வெட்டியை நிறுத்தினாள். நான் மெஷினை இறக்கினேன்.

கத்தியது. ஏரிக்கரையில் என்னை நூறு தடவை ஏமாற்றிய அதே சத்தம்.

அவள் குழிக்குள் நின்றபடியே அண்ணாந்து அத்தனை பேரையும் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"தங்கந்தானா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"தங்கமா இருக்கும். மாத்திர அட்ட மாதிரி ஏதாச்சும் இருந்தாலும் இதே சத்தந்தான் வரும். ஆனா மண்ணுக்குள்ள மாத்திர அட்ட எப்படி வரும்?" என்றேன். மருமகளைக் கரையேற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

குழிக்குள் இருந்து அவள் சொன்னாள்: "அத்தையோட சுருக்குப்பைய நான்தான் தலமாட்டுல வெச்சேண்ணா. வெத்தல பாக்கோட மாத்திரயும் அதுலதான் இருந்தது."

ஐயோ, உன்னை யார் கேட்டது? வாயை மூடிக்கொண்டு மேலே ஏறியிருந்தால் உன் மானம் உன்னோடு வந்திருக்குமே. கற்பூரத்தின் மேல் அடித்த சத்தியம் இன்னும் நடந்துகொண்டிருப்பதாக நினைத்துவிட்டாள்போல.

அக்கா பிடித்துக்கொண்டாள். "அப்ப எதுக்கு வம்பு? இன்னும் ஒரு சாண். மொகத்தத் தொறந்து காட்டு. மூக்குல இருந்தா உன் காலுல வுழறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காலடியில் கிடந்த உப்பைப் பார்த்தாள். அந்த உப்பை அள்ளிக் கொட்டியவளும் அவள்தானே. அடியில் என்ன நிலையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு சாண் மண்ணை எடுத்தால் அவள் திருடி இல்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மேலே ஏறினாள். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, எடுத்த மண்ணைத் திரும்ப உள்ளே தள்ள ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அத்தைய அந்தக் கோலத்துல நான் காட்டமாட்டேன் அண்ணி. நான் எடுத்ததாவே இருக்கட்டும்."

அக்கா எழுந்து நின்று கையைத் தட்டினாள். "கேட்டுக்கினீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா!"

ஆமாம், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கடைசிச் சொற்களை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அவள் மேடு கட்டி, கையால் தட்டிச் சமன் செய்து, கலயத்தைக் கவிழ்த்து வைக்கும்போது அங்கே நானும் அவள் கணவனும்தான் இருந்தோம். அவன் செருப்பால் ஒரு மண்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு என் பெயர் சுற்றுவட்டாரத்தில் பெரிதாகிவிட்டது. புதையலுக்கு வந்தவர்கள் போய், திருட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "ஒலக்கூர்ல ஒரு மருமவளப் புடிச்சிக் குடுத்தீங்களாமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். மெஷின் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். "அப்ப ஏன் குழிய மூடனா?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவள் முகத்தைத் திறந்திருந்தால், பேசரிக்காக மாமியாரைத் தோண்டியவள் என்று இதே வாய்கள்தான் பேசியிருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது. மெஷினைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

போன வாரம் அவள் கணவன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழக்கம்போலச் சுட்டிருந்தான். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணா, அன்னிக்கி சத்தம் வந்துச்சே, அந்த எடத்த மறுபடி கரெக்ட்டா காட்ட முடியுமா? ஆளுங்க யாரும் வேணாம். நீங்களும் நானும் போயி ஜல்தியா முடிச்சிக்கலாம்."

"மாத்திர அட்டைக்கா இவ்ளோ ஆச?"

"இல்லண்ணா. பேசரி உள்ளதான் கீது. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டான். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "அன்னிக்கி மூக்குல எண்ண வுட்டதே நான்தான்ண்ணா. நீ திருவு, நான் தலயப் புடிச்சிக்கறேன்னு அவகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். அவதான் கிழியுது கிழியுதுன்னு வுட்டுட்டா" என்றான்.

கையில் இருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தேன். அவனை அடிக்க வேண்டும் என்று வந்தது. வயசாகிவிட்டது, அடிக்கவில்லை.

"அப்ப அன்னிக்கி மால வாங்கப் போனேன்னு ஏண்டா சொன்ன?"

"நானும் இருந்தேன்னு சொன்னா ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லுமேண்ணா எங்கக்கா."

"சரி. இப்ப சொல்லு. உங்க அக்காவுக்குப் போனப் போட்டு, நான் பாத்தேன், மூக்குலதான் இருந்துச்சின்னு இப்பவே சொல்லு. உன் பொண்டாட்டி தலை நிமிந்து தெருவுல நடக்கட்டும். அப்பறம் நீ கூப்புடற எடத்துக்கெல்லாம் மெஷினத் தூக்கிக்கினு வர்றேன்."

அவன் போனை எடுக்கவில்லை. பிரித்துப் போட்டிருந்த தன் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியாதுண்ணா. நெலத்துல தன் பங்க எனக்கு வுட்டுக்குடுக்கற பத்தரத்துல அக்கா இன்னும் கையெழுத்துப் போடல."

சொல்லிவிட்டு, மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.