பிளட் குரூப் வினோதினி

"அண்ணா, ஒரு நிமிஷம். உங்க பிளட் குரூப் என்னண்ணா?"

கேட்கப்பட்டவர் உப்பு லாரி ஓட்டுநர். மரக்காணத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பியவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்க என் மருந்துக் கடைக்கு வந்திருந்தார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். எதிரே இரட்டைப் பின்னலும் சீருடைக் கோட்டில் குத்திய என்.எஸ்.எஸ். பேட்ஜுமாக ஒரு பள்ளிக்கூடப் பெண். "தெரியலம்மா" என்றார். வினோதினியிடம் அந்தப் பதில் செல்லாது.

"லைசென்ஸ்ல போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கண்ணா."

மனிதர் பர்ஸைத் துழாவி எடுத்துப் பார்த்தார். "பி பாசிட்டிவ்."

"சூப்பர்ணா. பதினெட்டு வயசு ஆயிடுச்சில்ல?"

பாதி மீசை நரைத்த மனிதர் வெட்கத்தோடு சிரித்தார். தலைவலி போய்விட்டதோ என்னவோ, மாத்திரையைப் போடாமலே வண்டியில் ஏறிப் போனார்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ் வரும்வரை அவள் நிற்பது என் கடைப் படியில்தான். ஆள் வந்துபோகிற இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய நாட்டு நலப்பணித் திட்டக் குழுவில் மற்ற பிள்ளைகள் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், கோயில் குளத்துப் படியைக் கழுவுவார்கள். இவளும் போவாள். ஆனால் பொறுக்கிக்கொண்டே மீன் வாங்க வந்தவர்களிடம் குரூப் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மனிதர்களுடைய பெயர் அவளுக்கு இரண்டாம்பட்சம். காலை பஸ் நடத்துனர் 'ஏ பாசிட்டிவ் அண்ணா'. தபால்காரர் 'ஏபி சார்'. டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரே குரூப் என்பதில் அவளுக்குத் தனி மகிழ்ச்சி. "சண்ட போட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம் அங்கிள்" என்றாள் ஒருநாள். நான் 'ஓ பாசிட்டிவ் அங்கிள்'. இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். என் பெயரைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. எதையும் அவள் எழுதி வைத்துக்கொள்வது கிடையாது. வேதியியல் தனிம அட்டவணை ஏற மறுக்கிற அதே தலையில்தான் இத்தனை பேருடைய ரத்தமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவதில்லை. பிரம்மதேசத்து மணிவண்ணன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். கல்யாணச் சமையலை நினைத்தோ என்னவோ வாயு மாத்திரையும் கேட்டார். அவரிடமும் கேட்டுவிட்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம்னா எல்லாரும் ஜாதகம் கேப்பாங்க. இவ என் ரத்தத்தக் கேக்குறா பாருய்யா" என்று என்னிடம் எகிறினார். அப்புறம் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "ஏ பாசிட்டிவ்தான், போ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். அவளுடைய தம்பி பிறந்தபோது அம்மா அமுதவல்லிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. பி நெகட்டிவ், எளிதில் கிடைக்காத வகை. அப்பா ராஜவேல் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றிருக்கிறார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கோட்டக்குப்பத்திலிருந்து லுங்கியும் தொப்பியுமாக ஒருவர் வந்தார். ரத்தம் கொடுத்தார். கொடுத்த கையோடு, டீ வாங்கி வருவதற்குள் பஸ் பிடித்துப் போய்விட்டார்.

"பேரு கூட கேக்கல அங்கிள். குரூப்பு மட்டும்தான் தெரியும்" என்றாள். அதனால் அவர் 'பி நெகட்டிவ் பாய்'. கோட்டக்குப்பத்துக்காரர் யார் கடைக்கு வந்தாலும் அவள் கழுத்து நீண்டுவிடும். இன்னும் அகப்படவில்லை.

இவ்வளவு வீராப்பும் ஊசியைப் பார்க்கும்வரைதான். தடுப்பூசி போட வந்த நர்சைக் கண்டு பள்ளிச் சுவரேறிக் குதித்தவள் இவள். குழுவில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்த வகை பார்த்த அன்று, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம். ஆகவே, ஊரிலுள்ள லாரி ஓட்டுநர் முதல் தபால்காரர் வரை எல்லோருடைய குரூப்பும் தெரிந்த வினோதினிக்கு வினோதினியின் குரூப் தெரியாது. யாராவது கேட்டால், "எனுக்கு இன்னும் வயசாவல" என்று பேச்சை மாற்றிவிடுவாள். வயதாகாதவர்களுக்கு ரத்தமே இல்லாததுபோல.

மாசி மாதத்தில் பள்ளியில் ரத்ததான முகாம் நடத்துவது என்று ஏற்பாடாயிற்று. குழுவுக்குப் பொறுப்பான கலையரசன் சார் சாது. அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மாணவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது. ஆள் பிடிப்பதும் பிஸ்கட் கொடுப்பதும்தான் அவர்கள் வேலை. ரத்த வங்கிக்காரர்கள் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். முப்பது பேராவது கொடுத்தால்தான் அடுத்த வருடமும் வேன் வரும். இல்லையென்றால் இவ்வளவு தூரம் வந்து கட்டுப்படியாகாது. வினோதினி அசரவில்லை. உப்பளத்தில் மட்டுமே அதற்கு மேல் ஆள் இருக்கிறது என்றாள்.

உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். ராஜவேலுக்கு இந்தச் சேவை சமாச்சாரமே பிடிக்காது. "ஊருக்கு ஒழைக்கிறியே, உனுக்கு யாரு ஒழைப்பா?" என்பார். மகளுடைய பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை. அந்த மனிதரிடம் ஒரு மாதம் நச்சரித்து, தானும் வருவேன், கூட்டாளிகளையும் கூட்டி வருவேன் என்று சொல்ல வைத்திருந்தாள். அவர் சரி என்ற அன்று சாயங்காலம் என் கடையில் அவள் யாரிடமும் குரூப் கேட்கவில்லை. "எங்கப்பா வர்றாரு அங்கிள்" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னாள்.

தப்பு செய்ததும் அவள்தான். உப்பு வாருகிறவர்கள் விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். குனிந்தே செய்கிற வேலை என்பதால் வெறும் வரக்காப்பியோடு போவார்கள். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து, உப்புப் போகக் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. இதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள், "வீட்டுக்குப் போனா படுத்துடுவீங்க, அப்படியே நேரா வந்துடுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். முகாமன்று சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் அப்படியே நேராக வந்தார்கள். முழங்கால் வரை உப்பு வெள்ளை பூத்திருக்க, மடித்துக் கட்டிய வேட்டியோடு, ராஜவேல் முன்னால் வர, பெரிய கூட்டம். வாசலில் நின்ற வினோதினிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கப்பா, எங்கப்பா" என்று கலையரசன் சாரைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டரம்மா ராஜவேலின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். "ராத்திரிங்க" என்றார் இவர். வெறும் வயிறு, வேர்த்து வடிந்த உடம்பு. இப்போது எடுத்தால் மயங்கி விழுந்துவிடுவீர்கள், முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்தவருக்கும் அதே கதை. அதற்கடுத்தவருக்கும் அதே. கடையைச் சாத்திவிட்டு வந்து வரிசையில் நின்றிருந்த நான், ராஜவேல் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறுவதைப் பார்த்தேன். எனக்கே சங்கடமாக இருந்தது; நானும் பின்னாலேயே வாசலுக்கு வந்தேன்.

எதிர் டீக்கடையில் செய்தி அதற்குள் காலும் கையும் முளைத்து நின்றது. உப்பளத்தில் மூட்டை தூக்குகிற திருமுருகன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உப்புக்காட்டு ஆளுங்க ரத்தம் கரிக்குதாம்பா. வேணாம்னுட்டாங்க. மிஷின்ல ஏத்துனா மிஷினே துரு புடிச்சிடுமாம்."

யாரும் சிரிக்கவில்லை. "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார் ராஜவேல், எல்லோருக்கும் பொதுவாக.

வினோதினி வாசலிலேயே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அங்கிள். கல்யாண வூட்டு ஏ பாசிட்டிவ் அண்ணாவ உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

பள்ளிக்கு அடுத்த கட்டடம் கல்யாண மண்டபம். மணிவண்ணன் மகளுக்கு அன்றுதான் முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து, காலை டிபன் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பட்டு வேட்டியில் பரபரத்துக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, எங்கப்பாவும் அவரு கூட வந்தவங்களும் சாப்பிடணும்."

"பொண்ணு வீடா, மாப்ள வீடாம்மா?"

"ரெண்டும் இல்லண்ணா. ரத்தம் குடுக்க வந்தவங்க. வெறும் வயித்துல எடுக்க மாட்டேன்றாங்க."

மணிவண்ணன் என்னைப் பார்த்தார். நான் மண்டபத்துக் கூரையில் ஏதோ இருப்பதுபோல் பார்த்தேன். அவர் வாசலுக்கு வந்து, டீக்கடைப் பக்கம் நின்ற கூட்டத்தையும் அந்த வெள்ளைக் கால்களையும் பார்த்தார். "ஏம்பா, இட்லி ஆறிடப் போவுது. வந்து ஒக்காருங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

யாரும் நகரவில்லை. குளிக்காமல் கல்யாணத்துக்குள் எப்படி நுழைவது என்றார் ஒருவர். ராஜவேலுக்கு அதைவிடப் பெரிய தடை இருந்தது. "மொய் வெக்காம எவன் வூட்லயும் நான் கை நனைச்சதில்ல. கையில ஒண்ணும் கொண்டாரல."

"நீ ஸ்கூல்ல வெக்கப் போறதுதாம்பா மொய்யி" என்றாள் வினோதினி. "ஒரு வேள சாப்பாட்டுக்கு யாருப்பா இவ்ளோ மொய் வெப்பாங்க?"

ராஜவேல் தெருக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். பின்னாலேயே திருமுருகனும் போனார். அவருக்கு இரண்டு முறை கேசரி வைத்தார்கள்.

சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மர நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வந்தவர்களை டாக்டரம்மா மறுபடி சோதித்தார். எல்லோரும் தேறிவிடவில்லை. எடை போதாமல் சிலர் திரும்பினார்கள். கடைசியில் வந்த வினோதினியின் அம்மா அமுதவல்லிக்கு ரத்தத்தில் சிவப்பே குறைவு என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெயிலில் வெந்து உழைக்கிற பெண்ணுக்கு உடம்பில் ரத்தம் பற்றவில்லை என்பதைக் கேட்க எனக்கு வயிறெரிந்தது. ஆனால் உப்பளத்து ரத்தம் ஒன்றன்பின் ஒன்றாகப் பைகளில் நிறைந்தது. எந்த மிஷினும் துருப்பிடிக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து மாப்பிள்ளைத் தோழர்கள் சிலர் வந்தார்கள். சந்தனப் பொட்டு கலையாமல் மணிவண்ணனும் வந்து படுத்தார். முப்பது எப்போதோ தாண்டிவிட்டது.

இத்தனை நேரமும் வினோதினி அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று முதுகைக் காட்டியபடியே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். "ஓ பாசிட்டிவ் அங்கிள், நீங்க அடுத்து" என்று என்னைத் தள்ளியதுகூட அப்படித்தான், திரும்பிப் பார்க்காமல்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் ராஜவேலுக்கு. கையில் கொடுத்த பந்தை மூட்டை கட்டுகிற வேகத்தில் பிசைந்துகொண்டிருந்தார். மெதுவாக என்றாள் நர்ஸ். அவர் படுத்தபடியே வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ வினோ. இங்க வா."

வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து வந்தாள். கட்டிலை எட்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊரு மொத்தம் கேட்டியே, உனுக்கு இன்னா குரூப்பு?"

அவரிடம் 'வயசாவல' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

வினோதினி ஒரு கையால் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே, இன்னொரு கையின் மோதிர விரலை மட்டும் நர்ஸ் இருந்த திசைக்கு நீட்டினாள்.