போட்டோவுக்காக ஏற்றிய பவளம்

காலை ஒன்பதரை மணி. சித்திரைக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில் துர்காவின் தேங்காய்க் கடைமுன் கூட்டம் நெரிந்தபோது போன் அடித்தது. ராமநாதபுரத்துக் கரையிலிருந்து சவரியம்மாள். தம்பி ஹேமநாதனோடு வேலை பார்க்கிற மீனவப் பெண்.

"தாயி, உக்காந்து கேளு. நிக்காத."

துர்கா உட்காரவில்லை. தம்பி கடலில் செத்துப்போய்விட்டான் என்பதை நின்றுகொண்டேதான் கேட்டாள். எதிரே நின்றவர், "சீக்கிரம் குடும்மா, வெயில் ஏறுனா படி சுடும்" என்றார். தேங்காயை எடுத்துக் கொடுத்தாள்.

ஹேமநாதன் நீச்சல் கற்றது கிணற்றில். பள்ளிப்பட்டுப் பக்கம் இருந்த நிலத்துக் கிணற்றில் அப்பாதான், அவர்களுக்கு நைனா, அவன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டார். கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில்தான் கடலுக்குள் முதன்முதலாகத் தலையை விட்டுப் பார்த்தான். வந்ததும், "கடலுக்குள்ள காடு கீதும்மா" என்றான்.

"ஆங், புலியும் கீதா?" என்று கேட்டாள் அம்மா ஜெயம்மா.

"புலி இல்ல. அங்கயும் மனுசனுக்குத்தான் பயப்படணும்."

அந்தக் கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்து விற்றார்கள். மீன் குறைந்த பிறகுதான் எதைப் பெயர்த்தோம் என்று புரிந்தது. உடைந்து கிடக்கும் உயிருள்ள பவளக்கிளைகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி, ஆழத்தில் இறக்கி வளர்க்க ஒரு திட்டம் வந்தது. கட்டுவது மீனவப் பெண்கள். இறக்குவது ஹேமநாதன்.

முதல் நாளே திருத்தணிக்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பைச் செய்தான். வருசக் கடைசியில் படித்திருவிழா அன்று மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து வளர்ந்த கை. ஒரு படியை விட்டாலும் ஏறினது ஏறினதில்லை என்பார் நைனா. கரையில் சட்டங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் கை தானாக மஞ்சளைக் குழைத்துவிட்டது.

"அடேய் மலைச்சாமி, பவளத்துக்குக் கல்யாணமா?" என்று சவரியம்மாள் சிரித்தாள். திட்ட அதிகாரி கத்தினார். எல்லாவற்றையும் கழுவவைத்தார்.

அதோடு மஞ்சளை விட்டான். ஒன்றையும் விடாத பழக்கத்தை மட்டும் விடவில்லை. கடலில் இறங்கும் நாளெல்லாம் ஒவ்வொரு சட்டமாகத் தொட்டு, பாசியைத் துடைத்துவிட்டுத்தான் கரையேறுவான்.

பணம் கொடுத்த கம்பெனிக்கு விழா வேண்டியிருந்தது. பவளம் ஆழத்தில் கிடந்தால் போட்டோவில் எப்படி விழும்? ஒரு வரிசைச் சட்டங்களை முழங்கால் தண்ணீருக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். சித்திரை வெயிலில்.

"சார், சூட்டுல வெளுத்துச் செத்துடும் சார்" என்றான் ஹேமநாதன்.

"ஒரு மணி நேரந்தானய்யா. பவளம் என்ன, ஐஸ்கிரீமா?" என்றார் திட்ட அதிகாரி.

மாலை, சால்வை, கைதட்டல், பிரியாணி எல்லாம் ஆயிற்று. விருந்தாளிகளுக்குத் தீவு காட்டப் படகுகள் போய்விட்டன. சட்டங்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

சாயங்காலம் துர்காவுக்குப் போன் செய்தான். "வெந்துகினு கீதுக்கா. நாளைக்கு வரைக்கும் தாங்காது. சின்ன வள்ளம் ஒண்ணு கெடச்சிருக்கு. நானே ஒண்ணொண்ணா கொண்டுபோய் வெச்சிடறேன்."

"கூட யாரையாவது இட்டுகினு போடா."

"எல்லாம் விருந்தாளிங்களோட போயிட்டாங்க. நீ கடையைப் பாரு. நாளைக்குக் கிருத்திகை."

மறுநாள் விடிந்ததும் கடலடியில் அவனைக் கண்டெடுத்தார்கள். சட்டம் இறக்கும் கயிறு காலில் சுற்றியிருந்தது. பக்கத்தில் அவன் இறக்கிய சட்டம் கோணாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அதிகாரி திருத்தணிக்கு வந்தார். கையில் ஒரு சால்வை. கண்ணாடி போட்ட விழாப் போட்டோ. துர்கா வாங்கிப் பார்த்தாள். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் நின்று பல்லைக் காட்டுகிறவர்கள். ஓரத்தில் ஹேமநாதன். அத்தனை பேரிலும் அவன் ஒருவன்தான் கீழே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல பையன்மா. ஆனா அனுமதி இல்லாம இறங்கிட்டார். அப்படித்தான் எழுதவேண்டியிருக்கு."

"பவளத்த மேல தூக்கினு வர யாரு சார் அனுமதி குடுத்தது?"

அவர் ஜெயம்மாவைப் பார்த்தார். ஜெயம்மா சுவரைப் பார்த்தாள்.

"அதை மொதல்ல எழுதுங்க சார். நீங்க தூக்கச் சொன்னீங்கன்னு எழுதுங்க. அப்பறம் என் தம்பி பேரை எழுதுங்க."

"துக்கத்துல பேசறீங்கம்மா."

"ஆங், துக்கந்தான். நீங்க இன்னா, காவடி பாக்கவா வந்தீங்க?"

அவர் எழுந்தார். துர்கா விடவில்லை. "அவன் போனப்ப ஒரு சட்டம் பாக்கி நின்னுபோச்சாமே. அதையாவது ஆழத்துல வெச்சீங்களா?"

"விசாரணை முடியட்டும்மா. அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது."

செத்தவனைக் குற்றவாளி ஆக்க விசாரணை முடியவேண்டியதில்லை. உயிரோடு இருக்கிற பவளத்தைக் காப்பாற்ற மட்டும் முடியவேண்டும். துர்கா சால்வையையும் போட்டோவையும் கொண்டுபோய் அவர் காருக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்கே சவரியம்மாளுக்குப் போன் செய்தாள்.

"நாங்க பொம்பளைக எல்லாம் போனோம் தாயி. கிட்டயே விடமாட்டேங்கிறாக. காவலுக்கு ஆள் போட்டிருக்காக. உன் தம்பி எறங்குனப்ப ஒருத்தனும் இல்ல, இப்பக் காவல்."

"உயிர் கீதா அதுல?"

"அடியில இன்னும் நெறம் இருக்கு தாயி. மேல பூரா வெளுத்துப்போச்சு."

வரிசையின் கடைசிச் சட்டம் இன்னும் முழங்கால் தண்ணீரில்தான் நிற்கிறது.