நல்ல நேரத்துக்குக் காத்திருந்த பெக்கோ

1. லொறி போன கிழமை

கஹவத்தைக் கந்தோரில் நான் எழுத்து வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே, ஏழு நாள்கூட முடியுமுன், முதலாளி தன் லொறியை விற்றுவிட்டார். தோட்டங்களுக்குக் கல்லும் மணலும் ஏற்றிக் கொடுக்கும் அந்த ஒரே லொறிதான் அதுவரை அவருடைய தொழில். இப்போது ஒரு தேயிலைத் தோட்டத்தில் புது ரோடு வெட்டும் கொந்தராத்து கிடைத்திருந்தது. மண்வெட்டியால் வெட்டினால் மழைக்கு முன் முடியாது. லொறி விற்ற பணத்தில் பழைய பெக்கோ ஒன்று வாங்குவதாக முடிவு செய்தார். முன்னால் மண் அள்ளும் அகலமான வாளியும் பின்னால் குழி தோண்டும் நீளக் கையும் உள்ள ட்ராக்டருக்குத்தான் பெக்கோ என்று பெயர்.

வாங்குவது கோளாறாக அமைந்தால் லொறியும் இல்லை, ரோடும் இல்லை, கந்தோரும் இல்லை. நான் திரும்பவும் தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தூக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம்புள்ள கந்தோர்ல எழுதுது" என்று அம்மா அதற்குள் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

"இங்கிலிஸ் வாசிப்பியா புள்ள?" என்று முதலாளி கேட்டார்.

"வாசிப்பேன் முதலாளி."

"மெசின்ல என்னமோ இங்கிலிஸ்ல எழுதி ஈக்காம். நீயும் வா."

2. குருவிட்டையில்

குருவிட்டைக்கு மூன்று பேர் போனோம். முதலாளி, நான், மெசின் ஓட்டப்போகும் செல்வம் அண்ணன். அண்ணன் ஒரு ரப்பர் தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டியவர்.

விற்பவர் பண்டா மாத்தயா என்ற சிங்களவர். மாணிக்கக்கல் தோண்டிய குழிகளை மூட அந்தப் பெக்கோவை வைத்திருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"முதலாளி, மெசின் பாக்க வந்தீங்களா, பொண்ணு காட்ட வந்தீங்களா?"

"மெசினுக்குத்தான் மாத்தயா" என்றேன் நான். "அதுக்கு வயசு எவ்வளவுன்னு வாசிச்சுச் சொல்ல வந்திருக்கேன்."

"ஆ! நங்கிக்கு வாய் இருக்கு!" என்றார், தங்கையை அழைக்கும் சிங்களச் சொல்லால்.

அவரே ஏறி ஸ்டார்ட் பண்ணினார். ஒரே உதறலில் எஞ்சின் பிடித்தது. முன்வாளி ஏறி இறங்கியது. பின்கை நீண்டு, மடங்கி, நிலத்தைக் கீறியது. செல்வம் அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். "ஒரு சொட்டு எண்ணெய் இல்ல மொதலாளி. காஞ்சு கெடக்கு" என்றார். முதலாளியின் முகம் மலர்ந்தது.

அப்போதே பேசி முடித்திருப்பார்கள். ஆனால் மாத்தயா கையை உயர்த்தினார். "இப்போ வேணாம். நெக்கத வரல்ல."

நெக்கத என்பது சிங்களவர் பார்க்கும் சுபநேரம். மெசினைக் கைமாற்ற எந்த நேரம் நல்லது என்று அவர் சாத்திரக்காரரிடம் கேட்டு வைத்திருந்தார். அதற்கு முன் விற்றால் வீட்டுக்கு ஆகாதாம். பின்கையின் நுனியில் இருந்த பல் வைத்த வாளி இடுப்புயரத்தில் தொங்கியபடி இருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, "வாங்க, தேத்தண்ணி குடிப்போம்" என்று ஆண்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போனார்.

நான் போகவில்லை. அப்படி ஒரு மெசினை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. குடையைப் பின்வாளியின் பல்லுக்குக் கீழே, ஒரு கல்லின் மேல் ஊன்றிச் சாத்திவைத்தேன். பிறகு எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துடைத்து, இலக்கங்களை எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து குடையை எடுத்தால் வரவில்லை. வைக்கும்போது கைப்பிடிக்கும் பல்லுக்கும் நடுவில் என் கை நுழைந்தது. இப்போது பல் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது.

குடை வளர்ந்திருக்க முடியாது. வேலியில் ஒரு ரப்பர் குச்சியை முறித்து, வாளியின் அடுத்த பல்லுக்குக் கீழே அளவாக நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். வாளி அசைவதாகக் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆனால் குச்சி மெல்ல மெல்ல வில்லாக வளைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் முதலாளியின் லொறி நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினேன்.

"முதலாளி, வாளி தானா எறங்குது!"

எல்லோரும் வெளியே வந்தார்கள். செல்வம் அண்ணன் குச்சியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"கையத் தூக்குற ஜெக்குக்குள்ள ரப்பர் சீல் போயிருச்சு மொதலாளி. எண்ணெய் வெளிய வராம உள்ளுக்குள்ளயே நழுவுது. எஞ்சின் ஓடுறப்ப பம்பு திரும்பத் திரும்பத் தூக்கிவுட்டுரும். நிப்பாட்டினாத்தான் தெரியும்."

"பழைய மெசின்னா அப்பிடித்தானே!" என்றார் மாத்தயா.

"அல்லாவே! மலைச்சரிவுல மனுசன் கீழ நிக்கக்குள்ள எறங்கினா?" முதலாளி தொப்பியைச் சரிசெய்தார். "எனக்கு வேணாம் மாத்தயா."

3. சாவி

மாத்தயாவின் மனைவி அந்நேரம் பார்த்து வெற்றிலைத் தட்டோடு வந்தார். நெக்கத நெருங்கிவிட்டது. மாத்தயா கடிகாரத்தைப் பார்க்கிறார், முதலாளியைப் பார்க்கிறார். இந்த நேரம் போனால் இந்த மாதம் வேறு நேரம் இல்லையாம். முதலாளிக்கும் வேறு மெசின் தேட நாள் இல்லை. இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கேட்டேன். "மாத்தயா, நெக்கதைக்கு என்ன குடுக்கணும்னு சாத்திரக்காரர் சொன்னாரு? மெசினையா, சாவியையா?"

"கைமாத்தணும்னு சொன்னார்."

"அப்போ நேரத்துக்குச் சாவிய முதலாளி கையில குடுங்க. மெசின் இங்கயே நிக்கட்டும். சீல் எல்லாம் மாத்தி முடிச்சதும் காசு வாங்கிக்கங்க, நாங்க ஓட்டிக்கிட்டுப் போறோம்."

மாத்தயா யோசித்தார். "சீல் மாத்துற செலவு?"

"சாவி யார் குடுக்கிறதோ அவர்தான்" என்றார் முதலாளி. "சுணங்காதீங்க, நேரம் போகுது."

மாத்தயாவின் மனைவி சிங்களத்தில் ஏதோ அதட்டினார். வெற்றிலையோடு சாவி கைமாறியது. செல்வம் அண்ணன் அந்தச் சாவியை வாங்கி எஞ்சினைப் போட்டு, கையைத் தூக்கி என் குடையை விடுவித்தார். அதன் கம்பி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

சீல் மாற்றிய பெக்கோ கஹவத்தைக்கு வந்த அன்று, கந்தோர் முற்றத்தில் பின்கையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். வாளிக்குக் கீழே ஒரு குச்சியை நட்டு, குச்சி நுனிக்கு மேலே வெற்றிலை ஒன்று நுழையும் இடைவெளி விட்டு, மூவரும் எதிரே உட்கார்ந்தோம். பக்கத்துக் கடைக்கு வந்தவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பகல் தொழுகைக்குப் போய்வந்த முதலாளி வெற்றிலையை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது.

"நாளைக்கு மலைக்கு ஏத்து செல்வம்" என்றார்.

பழைய மெசின் வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஓடும்போது எல்லா மெசினும் நல்ல மெசின்தான். தூக்கச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கீழே மட்டும் நிற்காதீர்கள்.