மாத்திரைக்கு அனுமதி, குருமாவுக்கு இல்லை

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் முதுகுவலிக்கு மருந்தாகக் கஞ்சா வாங்கிக்கொள்ள அனுமதி அட்டை எடுத்திருக்கிறான். அரசாங்கமே கொடுக்கிறதாம். பெரிய பட்டம் வாங்கியவன் போல அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நான் துபாயில் சத்வா பகுதியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். இங்கே அது கையில் இருந்தால் ஜெயில்தான். படத்தை உடனே அழித்தேன்.

என் கவலை வேறு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் மனைவி விசிட் விசாவில் வருவதாக இருந்தாள். அவளுக்குக் காலில் நரம்பு வலி. ஊர் டாக்டர் கொடுக்கும் மாத்திரை இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. அந்த மாத்திரைக்கு இந்த நாட்டில் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பயணமே கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

"கால்வலி மாத்திரைக்கு எதுக்குங்க இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் என்ன கஞ்சாவா கடத்துறேன்?"

"ஐயோ, போன்ல அந்த வார்த்தையச் சொல்லாதடி!"

"கஞ்சா, கஞ்சா, கஞ்சா" என்றாள். இவளோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

என் ரூமில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். ஆபீஸ் வேலை பார்ப்பவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். டாக்டர் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஏற்றி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். டாக்டர் சீட்டில் என் பெயர். இரண்டு பேரும் ஒரே ஆளா என்று கேட்டிருந்தார்கள்.

"தம்பி, உங்கட மனுசி பிளேனில அப்பாட மகள், வருத்தம் வந்து டாக்டரிட்டப் போனா மட்டும் உங்கட மனுசி" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! பேரை மாற்றிச் சீட்டு வாங்கு என்று அவளிடம் கத்தினேன். "பாத்தீங்களா, உங்க பேரைச் சேர்த்தா ஒரு காரியமும் உருப்படாது" என்றாள். ஆனாலும் அன்றைக்கே வாங்கி அனுப்பினாள். மறுபடி போட்டோம். டூட்டியில் போன் அதிரும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன்.

விமானத்துக்கு முந்தின நாள் அனுமதி வந்தது. அண்ணன் வாசித்துக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, அண்ணனுக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன வச்சிருக்க?"

"உங்களுக்குப் பிடிச்ச குருமாப் பொடி. நானே வறுத்து அரைச்சது."

அண்ணன் முகம் மாறியது. "தம்பி, கசகசா போட்டவவோ எண்டு கேளுங்கோ."

"கசகசா இல்லாம அது என்ன குருமா? கைநிறையப் போட்டிருக்கேன்" என்றாள் அவள்.

கசகசா இங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். மாத்திரைக்கு இத்தனை பாடுபட்டுவிட்டுக் குருமாவுக்காக அவள் ஏர்போர்ட்டில் நிற்பதா? "முதல்ல அதை வெளிய எடு!" என்று அலறினேன். அவள் டப்பாவை வெளியே எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அனுமதித் தாளைக் கையில் பிடித்தபடியே துபாய் ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தாள். "ஒருத்தரும் பெட்டியத் தொறக்கலைங்க" என்றாள், ஏமாந்து போனவள் மாதிரி.

அவளுக்காக வாடகைக்குப் பிடித்திருந்த சின்ன அறையில் வெள்ளிக்கிழமை குருமா வைத்தாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "பிரமாதம்" என்றேன்.

"பொய். தண்ணியா இருக்கு."

"கசகசா இல்லேல்ல..."

"அங்க கசகசா இருந்துச்சு, நீங்க இல்ல. இங்க நீங்க இருக்கீங்க, கசகசா இல்ல. பேசாம சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.