கருவாட்டு மணலுக்கு வழிகாட்டி

பயணக் கட்டுரை என்றாலே எனக்குக் குமட்டும். தென்றல் வீசும், நிலா காயும், கட்டுமரம் அசையும், எழுதியவர் மெய்மறந்து நிற்பார். நம்பிப் போய் இறங்கினால் சத்திரத்துப் பாயில் மூட்டைப்பூச்சி, குளத்தில் காலை வைக்க முடியாத பாசி. இதில் ஒன்றைக்கூட அந்தப் புண்ணியவான்கள் எழுத மாட்டார்கள். எழுதியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சாந்தோமில் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு பங்குப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த பூகோள வாத்தியார் ஸ்தனிஸ்லாஸ். நான் கணக்கு.

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் செய்கிற முதல் காரியம், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பது. பிறகு குடிதண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். கக்கூஸ் எங்கே என்று விசாரிப்பார். குழந்தை குட்டிகளோடு வருகிறவனுக்குக் கோபுரத்துக்கு முன்னால் அதுதானே தெரிய வேண்டும் என்பார். இத்தனை அசிங்கத்தையும் எழுதினாலும், படித்தால் அந்த ஊருக்குப் போகத்தான் தோன்றும். சாக்கடையைத் தாண்டினால் மூலைக் கடையில் நல்ல இட்லி என்று அவர் எழுதிவிட்டால், அந்தச் சாக்கடைகூட நமக்கு வேண்டப்பட்டதாகிவிடும்.

அவர் எழுதியதை வெளியிட்டது மயிலாப்பூர் மாடவீதியில் நடந்த ஒரு வாரப் பத்திரிகை. ஆசிரியர் பெயர் கிச்சா. மனிதர் நல்லவர்தான், கையில் இருந்த நீலப் பென்சில்தான் பொல்லாதது. நாற்றம், ஈ, எச்சில் என்று எங்கே வந்தாலும் ஒரே இழுப்பு.

"நாத்தத்தையெல்லாம் எடுத்துட்டேன் சார். நம்ம வாசகாள்லாம் ஆத்துல பட்சணம் சாப்டுண்டே படிக்கறவா" என்று சிரிப்பார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டணத்துக்குள்ளேயே குடும்பத்தோடு போய்வரும் இடங்களைப் பற்றி எழுதச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் தன் தெருவுக்குப் பின்னால் இருந்த கடற்கரையையே எழுதினார். குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல் அது. அவர்களில் ஒருத்தி தேசம்மா. காலையில் மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்பாள், விற்காததை உப்புப் போட்டு அங்கே பரப்புவாள். கட்டுமரம் இறங்க முடியாத மழை மாதங்களில் அந்தக் கருவாடுதான் அவள் வீட்டுச் சோறு. அதனால் ஸ்தனிஸ்லாஸ் கவனமாகவே எழுதியிருந்தார்: பகலில் வராதீர்கள், அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம், நாற்றமும் இருக்கும், பொழுது சாய்ந்து அவர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு வாருங்கள்.

நீலப் பென்சில் அந்த வரிகளை விழுங்கிவிட்டது. அலையும் காற்றும் மட்டும் அச்சாயின.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தியாகராய நகரிலிருந்து ஜமக்காளமும் டிபன் கேரியருமாக வந்து இறங்கிவிட்டார்கள். நெத்திலியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே புளியோதரை தின்றார்கள். ஒரு பெரிய மனிதர் அளவுக்கு மீறித் தின்றுவிட்டு கருவாட்டின் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார், பழியைக் கருவாட்டின் மேல் போட்டார். போகும்போது எச்சில் இலைகளை அப்படியே விட்டுப் போனார்கள். வாராவாரம் இதே கூத்து. கடைசியில் எச்சில் இலையைப் போட்டவர்களே இடம் நாறுகிறது என்று சுகாதார அதிகாரிக்கு மனு எழுதினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த அருவருப்பு எந்த மீன் குடலைப் பார்த்தும் வந்ததில்லை. அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, கருவாடு அங்கே காயலாமா கூடாதா என்று முடிவு சொல்வதாக ஏற்பாடாயிற்று.

தேசம்மா ஸ்தனிஸ்லாஸின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"நீ எழுதுனதாலதான வாத்யாரே வர்றானுங்கோ? நாறுதுன்னு ஒரு தாட்டி எழுதேன். ஒருத்தனும் வரமாட்டான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர் எழுதினார். ஈ மொய்க்கும் குடல், வெயிலில் உருகிக் கிடக்கும் சொறி மீன், கடலில் வந்து கலக்கும் சாக்கடை, விடியற்காலையில் மணலில் எங்கே கால் வைக்கக்கூடாது என்பது வரை ஒன்றையும் விடவில்லை. படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. ஓர் எழுத்தை வெட்டினாலும் இனி எழுத மாட்டேன் என்று கிச்சாவிடம் கண்டித்துச் சொன்னார். முதல் கட்டுரையை நம்பிப் போய் ஏமாந்த வாசகர்களிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த கிச்சா, மறுபேச்சு இல்லாமல் முழுசாகப் போட்டார்.

அடுத்த ஞாயிறு மணலில் ஜமக்காளம் இல்லை. தேசம்மா ஒரு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து ஸ்தனிஸ்லாஸின் மனைவி பியாட்ரிஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வீடே சிரித்தது.

பிறகு அதிகாரி வந்தார். பெண்கள் மணலைப் பெருக்கி, மீனை வரிசையாகப் பரப்பி வைத்துக் காத்திருந்தார்கள். அவர் சாலையை விட்டு இறங்கவே இல்லை. சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, சேவகனிடமிருந்து அந்தப் பத்திரிகையை வாங்கி, ஈயையும் குடலையும் உரக்க வாசித்தார். இதே ஊரில் பிறந்து வளர்ந்த படித்த வாத்தியாரே சாட்சி சொல்லியிருக்கும்போது, தான் வேறு இறங்கி முகர்ந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டார். இனி கருவாடு அடையாற்று முகத்துவாரத்துக்கு அப்பால்தான் என்று உத்தரவாயிற்று.

ஸ்தனிஸ்லாஸ் ஓடிப்போய், ஆட்கள் வராமல் இருக்கத்தான் அப்படி எழுதினேன் என்று கெஞ்சினார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமான எழுத்து சார். படிக்கும்போதே வயிற்றைப் புரட்டியது."

தேசம்மா கூடையில் மீனை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவனுங்களுக்குத்தான எழுதச் சொன்னேன் வாத்யாரே. இவனுக்கா எழுதச் சொன்னேன்?"

முகத்துவாரத்து மணல் ஈரம். அங்கே போட்டதில் பாதி புழுத்துப் போனது. அந்த மழைக்காலத்தில் அவள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. பியாட்ரிஸ் கொடுத்தனுப்பிய சோற்றை அவள் வாங்கவில்லை.

இடம் சுத்தமாகிவிட்டது, புதிதாக ஒன்று எழுதுங்கள் என்று கிச்சா வந்து கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வெறும் மணலில் நின்றார். வழக்கம்போலக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"ஒரு வாசனையும் வரலை. இங்கே எழுத ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதன் பிறகு எந்த ஊரைப் பற்றியும் அவர் எழுதவில்லை.

அந்தக் கட்டுரையைக் கிச்சாவே எழுதிக்கொண்டார். தென்றல் வீசியது, நிலா காய்ந்தது, கட்டுமரம்கூட அசைந்தது. அதில் வந்த மீனை எங்கே கொண்டுபோய்க் காயவைக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை.