எங்க ஏரியா குறள்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓவியர் என்றால் அது நான்தான். பள்ளியில் மரம் நடு விழா வந்தாலும் சரி, சுகாதார வாரம் வந்தாலும் சரி, சார்ட் பேப்பர் என் கைக்குத்தான் வரும். மாமாவின் பாட்டு நோட்டு அட்டையில் மைக் வரைந்து கொடுத்ததும் நானே. ஆகவே மாமா ஒரு கானா ஆல்பம் போடப்போகிறார் என்று தெரிந்ததும், அதன் போஸ்டர் என்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் ஷிப்ட் வேலை. ஆவடி பக்கம் சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஜாகை. நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஐந்து பாட்டுகளைச் சென்னீர்குப்பத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தார். ஆல்பத்தின் பெயர் ‘எங்க ஏரியா குரல்’. நான் மாமாவை மைக் முன்னால் நிறுத்தி, தலையில் கிரீடம் வைத்து, பின்னால் ஒரு மின்சார ரயிலையும் ஓடவிட்டு வரைந்து கொண்டுபோனேன்.

“சோக்கா கீதும்மா” என்றார் மாமா. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, “இத அக்கா கம்ப்யூட்டர்ல போடட்டும், இன்னா?” என்றார்.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் ஹாலில் படுத்தேன். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தட்டு உள்ளே போகும், பாதி சாப்பாட்டோடு வெளியே வரும். அவள் வந்த வாரமே அப்பா அந்த அறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்துவிட்டது என்றார். எனக்கு அது பளபளவென்றுதான் தெரிந்தது.

அவள் லேப்டாப்பைத் திறந்த நாளிலிருந்து வீடே மாறிவிட்டது. டிவி சத்தமில்லாமல் ஓடியது. மணிக்கொரு தரம் அம்மா காபி கொண்டுபோனாள். அக்கா ஒரு கலரை மாற்றினால் மாமா, “செம, செம” என்பார். நான் வரைந்தபோது யாரும் டிவி சத்தத்தைக் குறைத்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட வந்ததில்லை.

ஒருநாள் அக்கா என்னிடம், “உன் டிரெயின் நல்லா இருக்கு. இதுல வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டு சார்ட்டைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினேன்.

கடைசியில் அவள் நெமிலிச்சேரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் மாமா நிற்கும் போட்டோவை எடுத்து, வானத்தை மஞ்சளாக்கி, தண்டவாளங்கள் எல்லாம் அவர் வாயிலிருந்து கிளம்பி வருவதுபோலச் செய்திருந்தாள். அது நன்றாக இருந்தது. என்னால் பொறுக்க முடியாததும் அதுதான்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன் என்னைத்தான் கூப்பிட்டாள். “எனக்குத் தமிழ் சரியா வராது. இங்கிலீஷ்ல அடிச்சா அதுவே தமிழ்ல மாத்திக் குடுக்குது. நீ ஒரு தடவை படிச்சுப் பாரேன்.”

படித்தேன். கொட்டை எழுத்தில் ‘எங்க ஏரியா குறள்’ என்று இருந்தது. தமிழில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் நான்.

“கரெக்டா இருக்குக்கா” என்றேன்.

சனிக்கிழமை காலை மாமாவின் நண்பர்கள் ஆவடி மார்க்கெட் வரை போஸ்டர்களை ஒட்டித் தள்ளிவிட்டார்கள். பத்து மணிக்கு மாமா கையில் ஒரு போஸ்டரோடு வந்து நின்றார்.

“டீக்கடக்காரரு கேக்குறாரு, ‘இன்னா நைனா, எந்த அதிகாரம் பாடப்போற’ன்னு.”

அக்காவுக்குப் புரியவில்லை. குரல் என்றால் தொண்டையிலிருந்து வருவது, குறள் என்றால் திருவள்ளுவர் எழுதியது என்று நான்தான் விளக்கவேண்டியிருந்தது. அவள் என்னையே பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள், இவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன் என்று சொல்லப்போகிறாள் என்று நின்றேன்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். மாமாவும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “குறளே இருக்கட்டும் வுடு. அதுவும் கெத்தாதான் கீது!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போஸ்டரெல்லாம் வீணாகிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

“அவ சிரிச்சாடி” என்றாள் அம்மா. “கேட்டியா? சிரிச்சாடி.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தப்பாகப் போஸ்டர் போட்டவளுக்குத் திட்டுகூட இல்லை; அவள் சிரித்தால் அதற்கு ஓர் அழுகை வேறு.

“நானுந்தான் டெய்லி சிரிக்கிறேன். எனக்காக ஒருநாளாவது அழுதிருக்கியா?” என்று கேட்டேன்.

அம்மா ஈரக் கையோடு என்னை இழுத்து, மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டாள். பதில் தெரியாமல்தான் அப்படிச் செய்கிறாள் என்றும், இந்தச் சண்டையில் ஜெயித்தது நான்தான் என்றும் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.